மனநோயும் மூளையின் இணைப்புகளும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வேறு பல்லாயிரம் அணுக்களோடு தொடர்பு கொள்ள வல்லது. மனநோயின் காரணத்தை மூளையின் ஏதேனும் ஓரிடத்தில் தேடுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஏரி நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்துபோனால் வயல் காய்வதுபோல, இடங்கள் பழுதின்றி இருந்தும் இணைப்புகள் மாறுவதால் நோய் தோன்றக்கூடும் என்பது இன்றைய கருத்து.

ஹைதராபாத் நகரில் ஹப்சிகுடாப் பகுதியிலிருந்து உப்பல் செல்லும் சாலையில், 1977-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் அமைந்துள்ளது. இங்குப் பணிபுரிந்த அரவிந்த் குமார் அவர்களும், அருகே தார்நாக்காவிலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சுமனா சக்கரவர்த்தி அவர்களும் மனச்சோர்வைப் பற்றிக் கூட்டாக ஆராய்ந்துள்ளனர். 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கப்படும் சிறு ஜீப்ரா மீன்களுக்கு, இன்னது வருமென்று அறிய இயலாத தொல்லைகளைப் பல நாள் கொடுத்தனர். மீன்கள் அச்சத்தின் குறிகளைக் காட்டின. அவற்றின் மூளைப் புரதங்களும் மாறியிருந்தன.

2019-இல் வெளியான சுண்டெலி ஆராய்ச்சி நம்மை இன்னும் நெருங்கித் தொடுவது. இம்முறையில் வலிமை மிக்க ஓர் எலியிடம் சிற்றெலி நாள்தோறும் தோல்வியுறச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் இரண்டையும் பிரித்துவிடுவர்; ஆனால் இடையே துளையிட்ட தடுப்பு மட்டுமே இருப்பதால், எதிரியின் உருவமும் மணமும் நாள் முழுதும் அகலா. இவ்வாறு பத்து நாள் கழிந்தபின் சிற்றெலிகள் பல, தம் இனத்தோடு கூடுவதையே தவிர்க்கின்றன. சில மட்டும் தளர்வதில்லை. அதன் காரணமும் ஆராயப்படுகிறது. தளர்ந்தவற்றின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றும் செயல் பாதிக்கப்படுவதையும், அதில் சில சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளுக்குப் பங்குண்டு என்பதையும் இவ்வாராய்ச்சி காட்டிற்று. அடித்தவன் போய்விட்டான், பிள்ளை ஏன் இன்னும் ஒடுங்கியிருக்கிறான் என்று வியக்கும் ஆசிரியர் அத்துளையிட்ட தடுப்பை எண்ணிப் பார்க்கலாம்.

இணைப்புகளைப் பற்றிய நேரான சான்று பெங்களூரிலிருந்து வந்தது. அங்குள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவர்தம் குழுவினரும், எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம் அசையவொட்டாது 10 நாள் வைத்திருந்து, பின் மூளையை ஆராய்ந்தனர். நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகியிருந்தன. அச்சத்திற்கு உரிய அமிக்டலாவிலோ அவை தழைத்திருந்தன. (இவ்விரண்டிற்கும் தமிழ்ப் பெயர் புனைவது கடினமன்று, எனினும் மருத்துவரிடம் கேட்கும் பெயரையே இங்கு வைத்துக்கொள்வோம். முன்னது கடற்குதிரை வடிவினது. பின்னது வாதுமைப் பருப்பு வடிவினது.) இது 2002-இல் வெளியாயிற்று. 21 நாள் ஓய்வளித்தபின் ஹிப்போகாம்பஸ் மீண்டது. அமிக்டலா மீளவில்லை என 2004-இல் அறிவித்தனர். துன்பம் நீங்கியும் அச்சம் நீங்காமைக்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. 2013-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், உயிருள்ள எலிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, நெருக்கடிக்குப்பின் அமிக்டலாவிலிருந்து ஹிப்போகாம்பஸுக்குச் செல்லும் தொடர்பு வலுப்படுவதைக் கண்டனர். அதாவது, நினைவின்மீது அச்சத்தின் ஆட்சி பெருகுகிறது.

எலியிடம் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. தளர்ந்த எலிக்கு மனச்சோர்வு உண்டென்று கூறுவதும் ஓர் ஒப்புமையே. மேலும், மூளைப் படத்தைக் கொண்டு மட்டும் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டெனத் துணியும் முறை மருத்துவ வழக்கில் இல்லை. அவ்வாறு கூறிப் பணம் கேட்போரிடம் மக்கள் ஏமாறாதிருக்கக் களப்பணியாளர் எச்சரித்தல் நலம்.

ஆயினும் மனநோய் உடலைச் சார்ந்ததன்று, ஊழ்வினை அல்லது மனவுறுதியின்மை என்னும் எண்ணத்திற்கு இவ்வாராய்ச்சிகள் இடம் தருவதில்லை. அவ்வெண்ணத்தின் விலையைத் தமிழ்நாடு அறியும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணிப்பதைத் தடை செய்துள்ளது. ஊரில் அத்தகையவர் எவரையேனும் காணும் களப்பணியாளர், குடும்பத்தாரைக் கடிந்துகொள்ளாமல், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கொண்டு சேர்க்க உதவலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் தெலுங்கிலும் ஆலோசனை பெறலாம்.