நெடுந்தீவுக்குப் போகும் பிள்ளைக்கு, வசனக் கணக்கு பற்றி

ஊர்காவற்றுறை

அன்பு மகளுக்கு,

நெடுந்தீவில் நியமனம் கிடைத்து, தரம் 5 வகுப்பையும் உன் கையில் தந்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னா. சந்தோசம். பிள்ளைகள் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் செய்கிறார்கள், வசனக் கணக்கென்றால் மட்டும் பேனையை வைத்துவிடுகிறார்கள் என்று நீ முறைப்பட்டதையும் சொன்னா. முப்பது வருசத்துக்கு மேல் இந்தத் தீவுப் பள்ளிக்கூடங்களில் கணக்குப் படிப்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உன் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு குறுக்குவழி பழக்கியிருப்பார்கள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘ஒவ்வொன்றும்’ என்று வந்தால் பெருக்கு. ரியூசன் கொட்டில்களில் இது வேதம். ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்: பிடித்த நண்டில் 8 விற்ற பிறகு வத்தையில் 15 மீதி இருக்கிறது, பிடித்தது எத்தனை? ‘மீதி’யைக் கண்டதும் வகுப்பில் பாதி 7 என்று எழுதும். 8 நண்டு விற்று, 15 நண்டு கண்முன்னே கிடக்க, பிடித்தது 7 எப்படி ஆகும் என்று ஒரு பிள்ளையும் கேட்காது.

நம் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று நினையாதே. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1979 அளவில் சிறுபிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் தந்த எண்களை வைத்தே ஒரு விடை சொல்லிவிட்டார்கள். கேள்வியில் எண் இருந்தால் அதை ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பள்ளிக்கூடம்தான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது.

ஆகவே முதலில் பேனையைப் பறி. கணக்கை வாசித்து, அங்கே என்ன நடக்கிறதென்று பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். பிறகு அட்டவணை. குறிகட்டுவான் துறையில் 50 பேர் நிற்கிறார்கள், படகில் ஒரு தடவைக்கு 12 பேர்தான் ஏறலாம், எத்தனை தடவை ஓடவேண்டும்? இரண்டு நிரல் போடச் சொல்: தடவை ஒன்றில், ஏறியவர் மற்றதில். 1க்கு 12, 2க்கு 24, 3க்கு 36, 4க்கு 48. எண்கோலம் தானே எழுந்து வரும். 48இல் பிள்ளை நிற்கும். இன்னும் இரண்டு பேர் துறையில் நிற்பது தெரியும். விடை 5. அட்டவணை இல்லாமல் வகுத்த பிள்ளை ‘4, மீதி 2’ என்று எழுதிவிட்டுப் போகும். அந்த இரண்டு பேரும் இரவு முழுக்கக் குறிகட்டுவானில் கிடக்கவேண்டியதுதான். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டில் 1128 படைவீரர், பஸ் ஒன்றுக்கு 36 பேர் என்று இதே கணக்கை 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் வகுத்தலைச் சரியாகச் செய்தும், 32 பஸ் என்ற விடைக்கு வந்தவர் நூற்றுக்கு 23 பேர்தான்.

கையோடு இன்னொன்றும் கொடு. 500 ரூபாய்க்கு 120 ரூபாய்க் கொப்பி எத்தனை வாங்கலாம்? அதே வகுத்தல்தான், ஆனால் இங்கே விடை 4. ஐந்தாவது கொப்பியைக் கடைக்காரர் சும்மா தரமாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஏன் ஒன்றில் ஒன்று கூடியது, மற்றதில் கூடவில்லை என்று பிள்ளைகளை வாதாட விடு. அந்த வாதம் ஒரு பாடவேளையையே விழுங்கினாலும் பரவாயில்லை.

எண்கோலத்தை நம்பவும் வேண்டும், சந்தேகிக்கவும் வேண்டும். நான் வேலணைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதியால் கணக்குக் கொடுப்பேன்: 20 முழ வேலிக்கு 2 முழத்துக்கொரு கதியால் நட்டால் எத்தனை? எல்லாரும் 10 என்பார்கள். சின்ன வேலியில் தொடங்கச் சொல்வேன். 2 முழத்துக்கு 2 கதியால், 4 முழத்துக்கு 3, 6 முழத்துக்கு 4. பாதியாக்கி ஒன்று கூட்டு என்று ஒரு பெடியன் கண்டுபிடிப்பான். ஏன் அந்த ஒன்று என்று கேட்பேன். தொடக்கத்தில் நட்ட கதியாலை மறக்கக் கூடாது என்பான். ஆகவே 11. அதே 20 முழம் வளவைச் சுற்றி வந்து மூடினால்? அப்போது 10தான், கடைசிக் கதியாலும் முதற்கதியாலும் ஒன்றே. காரணம் அறியாமல் ‘ஒன்று கூட்டு’ என்று பாடமாக்கிய பிள்ளை இங்கே விழும். (இதை நெடுந்தீவில் அப்படியே கேட்காதே. அங்கே வளவு எல்லை என்றால் முருகைக்கல் அடுக்கிய மதில். கதியால் எங்கே என்று கேட்டுச் சிரிப்பார்கள். பனை வரிசையாக மாற்றிக்கொள்.)

1, 2, 4 எழுதி அடுத்தது என்ன என்று கேள். 8 என்பவனும் சரி, 7 என்பவளும் சரி: அவன் இரட்டித்தான், அவள் 1, 2, 3 என்று கூட்டிப் போனாள். சொன்ன காரணத்துக்குப் புள்ளி போடு. புலமைப்பரிசில் பரீட்சை ஒரே விடையைத்தான் கேட்கும், தெரியும். அதற்காக 7 என்ற பிள்ளையை வகுப்பில் பிழையென்று சொல்லாதே.

தரவு படிப்பிக்கும்போது பாடநூலில் வரும் மாம்பழப் படங்களோடு நின்றுவிடாதே. முழுநிலவுப் போயா நாளில் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலவு எழும். அன்று தொடங்கி மூன்று நான்கு இரவு நிலவு எழும் நேரத்தைக் குறித்து வரச் சொல். ஒரு நாளுக்கு ஒரு நாள் 50 நிமிடமளவில் பிந்தும்; ஒரு நாள் சற்றுக் கூட, ஒரு நாள் சற்றுக் குறைய. மேகம் வேறு குழப்பும். அடுத்த நாள் எத்தனை மணிக்கு எழும் என்று கணித்துவிட்டுப் பார்க்கட்டும். போயாவிலிருந்து போயாவுக்கு ஏறத்தாழ 29.5 நாள், ஒரு நாளின் 1440 நிமிடத்தை அதனால் வகுத்தால் 49க்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த வகுத்தலை நீ செய்து காட்டு.

எண்ணிப் பார்த்துக் கணிக்கும் இந்தப் புத்தி நம் பழைய ஆட்களுக்கும் இருந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற நூலில் பலாப்பழக் கணக்கொன்று உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியுமாம். 100 முள் என்றால் 120 சுளை. நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சாவகச்சேரிப் பழம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய், முள்ளை எண்ணி, கணித்து எழுதிவிட்டு, வெட்டிச் சுளையை எண்ணுங்கள். விதி பொய்த்தாலும் சுளை மிச்சம்.

கிழமைக்கு ஒருநாள் பிள்ளைகளே கணக்கு எழுதட்டும். குதிரை, ஆடு, படகு, பனங்கிழங்கு, எதைப்பற்றியும் எழுதலாம். கேள்விக்கு விடை கிடைக்குமா, தேவையில்லாத எண் உள்ளே கிடக்கிறதா என்று பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சொல்லவேண்டும். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பெற்றோர் முதல் மாதமே கேட்பார்கள். ஒரு தவணை பொறுங்கள் என்று பணிவாகச் சொல். அதிபர் கேட்டாலும் அதையே சொல்.

ஊருக்கு வரும்போது உன் பிள்ளைகள் எழுதிய கணக்குக் கொப்பி இரண்டைக் கொண்டு வா. நானும் செய்து பார்க்கவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா