தவணை தவறிய டிராக்டரும் குடியானவர் செய்ய வேண்டுவதும்

உழவு மாடுகளைக் குறைத்துக்கொண்டு டிராக்டரையே நம்பிச் சாகுபடி நடத்தும் குடியானவர்கள் இப்பொழுது பெருகி விட்டனர். அவர்களில் பலர் ரொக்கம் கொடுத்து வண்டி வாங்கியவர்கள் அல்லர். பாங்கியிலோ நிதிக் கம்பெனியிலோ கடன் பெற்று, தவணை முறையில் செலுத்தி வருகிறவர்கள். விளைச்சல் நன்றாயிருக்கும் வருஷங்களில் இம்முறையால் யாதொரு தொல்லையும் இல்லை. ஆனால் மழையும் ஆற்று நீரும் மனிதன் சொற்படி வருவன அல்ல. 2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைக் காட்டிலும் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியுற்றவை என்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் காவேரி டெல்டாவின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. இத்தகைய வருஷங்களில் நாணயமான குடியானவருக்கும் தவணை தவறி விடுகிறது.

தவணை தவறினால் வண்டி பறிபோகும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் முதல் தவணை தவறிய நாளுக்கும் வண்டி கைவிட்டுப் போகும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் பல வாரங்கள் கிடைக்கின்றன என்பதையும், அவ்வாரங்களை மௌனமாகக் கழிப்பதே மிகப் பெரிய நஷ்டம் என்பதையும் அறிந்தோர் சிலரே. அக்காலத்தைப் பயன்படுத்தும் வகை கீழே விளக்கப்படுகிறது.

1. கடன் பத்திரத்தின் தன்மை

டிராக்டர் கடன் இரு வகைப்படும். முதல் வகையில் வண்டி குடியானவர் பேரிலேயே பதிவாகியிருக்கும். அது கடனுக்கு ஈடு என்ற குறிப்பு மாத்திரம் ஆர்.ஸி. புஸ்தகத்தில் ஏறியிருக்கும். இதற்கு ஹைப்பாத்திகேஷன் என்று பெயர். இரண்டாவது, வாடகைக் கொள்முதல் முறை. இதில் கடைசித் தவணை செலுத்தும் வரையில் வண்டியின் உடைமை கடன் கொடுத்தவரிடமே நிற்கும். தம்முடைய கடன் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் குடியானவர் பத்திரத்தைப் படித்தோ, படிக்கச் செய்தோ தெரிந்துகொள்ள வேண்டும். நிதிக் கம்பெனிகள் தங்கள் பத்திரங்களைக் கடனாளிக்குப் புரியும் பாஷையில் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. பத்திரத்தின் நகல் கையில் இல்லாதவர் இன்றே எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

உழவுக் கருவிகளைக் கோர்ட்டார் ஜப்தி செய்யக் கூடாதென்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் இருக்கிறதே என்று சிலர் தைரியமாயிருப்பர். அப்பிரிவு வேறு கடன்களுக்கான டிக்கிரியை நிறைவேற்றும்போது செய்யப்படும் ஜப்தியைப் பற்றியது. எந்த டிராக்டர் எந்தக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டதோ, அந்த வண்டியைக் காக்க அப்பிரிவை நம்பியிருத்தல் தகாது.

2. கணக்கைப் போட்டுப் பார்த்தல்

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு குடியானவர் 6,00,000 ரூபாய் கடனை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், அரையாண்டுத் தவணையாக ஐந்து வருஷங்களில் தீர்ப்பதாக வைத்துக்கொண்டால், தவணை ஒன்றுக்குச் சுமார் 81,500 ரூபாய் ஆகும். நான்கு தவணைகள் ஒழுங்காகச் செலுத்திய பின் நிற்கும் அசல் ஏறக்குறைய 4,01,000 ரூபாய். ஐந்தாவது தவணைக்குள் பயிர் கருகி விட்டது. முழுத் தவணைக்கு வழியில்லை. ஆயினும் அந்த அரையாண்டின் வட்டி சுமார் 24,000 ரூபாய்தான். அதை மாத்திரமாவது கட்டினால் அசல் குறையாவிடினும் கடன் மேலே ஏறாது. செலுத்தும் எண்ணம் உடையவர் என்பதற்கும் அந்த ரசீது சாட்சியாகும். ஒன்றும் கட்டாமல் விட்டால் வட்டியுடன் தாமதக் கட்டணமும் சேரும்.

தாமதக் கட்டணத்தைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ரிசர்வ் பாங்கி 2023 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவின்படி, தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து வசூலிக்கலாகாது. தனிக் கட்டணமாகவே காட்ட வேண்டும். அக்கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றலும் கூடாது. ஆகவே கணக்கு விவரச் சீட்டைக் கேட்டு வாங்கி, அசல், வட்டி, அபராதம், இதர செலவு என்று நான்கு இனங்களாகப் பிரித்துச் சரி பார்க்க வேண்டும்.

3. எழுத்து மூலம் விண்ணப்பித்தல்

வாய்மொழியாகச் சொன்னது பிற்பாடு நில்லாது. பயிர் கெட்டது தெரிந்தவுடனே, தவணைத் தேதிக்கு முன்பாகவே, கிளை மானேஜருக்கு எழுத வேண்டும். கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கல் நகல், பயிர் நஷ்டத்துக்கான அத்தாட்சி, பயிர் இன்ஷியூரன்ஸ் ரசீது ஆகியவற்றை உடன் வைக்கலாம். விண்ணப்பம் நீளமாயிருக்க வேண்டியதில்லை. பின்வரும் மாதிரி போதும்:

“ஐயா, இன்ன எண்ணுள்ள டிராக்டர் கடனில் இதுவரை இத்தனை தவணைகள் செலுத்தியுள்ளேன். என் இத்தனை ஏக்கர் சம்பா, தண்ணீர் இன்மையால் கெட்டு விட்டது. இன்ன தேதித் தவணையை முழுதும் கட்ட இயலாது. வட்டியாக இவ்வளவு ரூபாய் இப்பொழுது செலுத்துகிறேன். மீதியை இன்ன அறுவடைக்குப் பின் செலுத்தும்படி தவணைகளை மாற்றி அமைத்துத் தரக் கோருகிறேன். வண்டி என் வீட்டிலேயே நல்ல நிலையில் இருக்கிறது. தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.”

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையொப்பமும் பெற வேண்டும்.

பாங்கிக் கடனாயிருப்பின், குறுகிய காலப் பயிரை ஒட்டிய விவசாயக் கடன் இரண்டு பயிர்ப் பருவங்கள் பாக்கி நின்றாலன்றி வாராக் கடன் ஆகாது என்பது ரிசர்வ் பாங்கி வகுத்த முறை. இம்முறை தம் டிராக்டர் கடனுக்குப் பொருந்துமா என்று கிளையில் கேட்டறிதல் வேண்டும். இயற்கை விபத்தில் 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் நஷ்டமான பகுதிகளில் கடனைத் திருத்தி அமைக்க 2018-ல் வெளியான விதித் தொகுப்பில் இடம் தரப்பட்டது. இவ்விதிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் காலத்தில் எது நடப்பில் உளது என்று கேட்டறிதல் அவசியம்.

4. வண்டியை எடுக்க வருவோருக்குள்ள வரம்பு

பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எவரும் அடியாட்களுடன் வந்து வண்டியைப் பிடுங்கிச் செல்ல உரிமை இல்லை. 2007-ல் சுப்ரீம் கோர்ட்டார், கடன் வசூலுக்குப் பலாத்காரத்தைக் கையாளலாகாது, சட்ட வழியிலேயே செல்ல வேண்டும் என்று கூறினர். 2011-ல் மற்றொரு வழக்கில், வாடகைக் கொள்முதல் வண்டியாயினும் பலவந்தமாகக் கைப்பற்றுதல் கூடாது என்று தீர்ப்பளித்தனர். இவ்வளவு இருந்தும், 2016 மார்ச்சில் தஞ்சாவூர் ஜில்லாவில் டிராக்டர் பாக்கிக்காக ஒரு விவசாயி போலீஸாரால் அடிக்கப்பட்ட காட்சியை நாடு முழுவதும் கண்டது. சட்டம் புஸ்தகத்தில் இருந்தால் மாத்திரம் போதாது; அதைக் குடியானவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

கவனிக்க வேண்டிய வரம்புகள் வருமாறு:

(அ) வசூலுக்கு வருபவர் தம் அடையாளச் சீட்டையும், கடன் கொடுத்த ஸ்தாபனம் அளித்த அதிகாரக் கடிதத்தையும் காட்ட வேண்டும்.

(ஆ) காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பதை 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி தடுத்துள்ளது. மிரட்டலும், ஊரார் முன் அவமானப்படுத்தலும் கூடா.

(இ) நிதிக் கம்பெனியானால், வண்டியை எடுக்குமுன் கொடுக்க வேண்டிய நோட்டீஸின் காலம், எடுக்கும் முறை, விற்குமுன் கடனாளிக்குத் தரும் கடைசிச் சந்தர்ப்பம், வண்டியைத் திருப்பித் தரும் முறை ஆகியவை பத்திரத்திலேயே கண்டிருக்க வேண்டும்.

(ஈ) பாங்கியானது 2002-ம் வருஷத்து ‘ஸர்ஃபேஸி’ சட்டப்படி நடவடிக்கை எடுத்தால், முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்குக் கடனாளி ஆட்சேபம் எழுதினால் 15 நாட்களுக்குள் பதில் சொல்லவும் வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பாக்கி நின்றால் அச்சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. விவசாய நிலத்தின் மீதுள்ள ஈட்டுக்கும் அச்சட்டம் செல்லாது. ஆகவே டிராக்டருக்காக நிலத்தை ஏலம் போட்டு விடுவோம் என்று இச்சட்டத்தைக் காட்டி எவரேனும் பயமுறுத்தினால் மனம் கலங்க வேண்டியதில்லை.

பலவந்தம் நேர்ந்தால் கைகலப்பில் இறங்குதல் கூடாது. வந்தவர்களின் பெயர், வாகன எண், நேரம், சாட்சிகள் ஆகியவற்றைக் குறித்து, அன்றே போலீஸ் ஸ்டேஷனிலும் கடன் கொடுத்த ஸ்தாபனத்தின் தலைமை ஆபீசுக்கும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

5. வண்டியை ஒப்புவிக்க நேர்ந்தால்

எவ்வளவு முயன்றும் வழியில்லாமற் போகும் சமயமும் உண்டு. அப்பொழுது மனமொத்து ஒப்புவிப்பதே செலவு குறைந்த வழி. ஒப்புவிக்குமுன் கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் முதலியவை கடன் பத்திரத்தில் சேர்ந்தவையா என்று பார்த்து, சேராதவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். டயர், பாட்டரி, ஓடிய மணிக் கணக்கு ஆகியவற்றைக் குறித்து ஒரு ஜாபிதா எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தல் மிகவும் உபயோகமானது. பிற்பாடு “வண்டி பழுதாயிருந்தது, அதனால் குறைந்த விலைக்குப் போயிற்று” என்ற பேச்சுக்கு இதுவே மறுமொழி.

வண்டி போனவுடன் கடன் தீர்ந்தது என்று எண்ணுவது பெருந்தவறு. மேற்கண்ட உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், 4,01,000 ரூபாய் பாக்கியுள்ள வண்டி ஏலத்தில் 3,20,000 ரூபாய்க்குப் போய், இழுத்துச் சென்ற கூலி, நிறுத்துமிட வாடகை முதலிய செலவு 15,000 ரூபாய் ஆயிற்று என்றால், வரவு வைக்கப்படுவது 3,05,000 ரூபாயே. வண்டியும் இல்லாமல் 96,000 ரூபாய் கடன் நிற்கும். அதற்கு ஜாமீன்தாரும் கடனாளியோடு சமமாகப் பொறுப்பாவார். அதே வண்டியைக் கடன் கொடுத்தவரின் எழுத்து மூல சம்மதம் பெற்று, நோட்டீஸ் காலத்துக்குள் குடியானவரே ஆள் பார்த்து 3,80,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், நிற்பது 21,000 ரூபாய்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 75,000 ரூபாய். ஆதலின் வண்டியைக் காக்க முடியாதென்று உறுதியானால், ஏலத்துக்குக் காத்திராமல் சம்மதம் கேட்டு விற்பதே விவேகம்.

‘ஸர்ஃபேஸி’ சட்டப்படி எடுத்த வண்டியை விற்குமுன் கடனாளிக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பாக்கி முழுவதையும் செலவுடன் கட்டி வண்டியை மீட்க விரும்புவோர் ஏல அறிவிப்பு வெளியாகுமுன்னரே கட்ட வேண்டும். நடவடிக்கை முறைதவறியிருந்தால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விற்ற பின் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். பாக்கிக்கு மேல் மிச்சம் வந்தால் அது குடியானவருக்குச் சேர வேண்டிய பணம்.

6. செய்யத் தகாதவை

வண்டியை வேற்றூரில் ஒளித்து வைத்தலும், சம்மதமின்றி விற்றலும், உதிரிப் பாகங்களைக் கழற்றி மாற்றலும் குற்ற வழக்குக்கு இடம் கொடுக்கும். இத்தவணையைக் கட்டக் கந்து வட்டிக்கு வாங்குதல் ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்ணை உண்டாக்குவது போலாம். வசூலுக்கு வந்தவர் கையில் ரசீதின்றி ரொக்கம் கொடுத்தலும், எழுதாத காகிதத்தில் கையொப்பமிடுதலும் ஒருகாலும் கூடா. முன்னரே கொடுத்து வைத்த செக் பணமின்றித் திரும்பி நோட்டீஸ் வந்தால், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடில் கிரிமினல் வழக்கு வரலாம். அந்நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடுதல் ஆபத்து.

7. உதவி பெறும் இடங்கள்

ஒவ்வொரு ஜில்லாவிலும், தாலூகா கோர்ட்டுகளிலும் சட்ட உதவிக் குழு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், இயற்கை விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் கோர்ட்டுக் கட்டணமின்றி இரு தரப்பாரும் பேசித் தீர்க்கலாம். அங்கு ஏற்படும் முடிவு டிக்கிரிக்குச் சமானம்; அதன் மேல் அப்பீல் இல்லை. ஆகையால் கட்டக்கூடிய தொகைக்கு மாத்திரமே அங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்தாபனத்துக்குப் புகார் எழுதி 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிடில், ரிசர்வ் பாங்கியின் ஆம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பு அதிகாரிக்குச் செலவின்றி மனுச் செய்யலாம்.

கடன் முழுதும் தீர்ந்த பின்னும் ஒரு காரியம் பாக்கி உண்டு. பாக்கியில்லா அத்தாட்சியும் 35-ம் நம்பர் பாரமும் பெற்று, ஆர்.ஸி. புஸ்தகத்தில் உள்ள ஈட்டுக் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் நீக்கிக்கொள்ள வேண்டும். அது நீங்கிய நாளன்றே வண்டி வில்லங்கமின்றிக் குடியானவருடையதாகிறது.

பயிரில் பூச்சி கண்ட அன்றே மருந்து தெளிப்பவர் பயிரைக் காப்பார். கதிர் வெளுத்த பின் தெளிப்பவர் மருந்தையும் இழப்பார். தவணை தவறும் என்று தெரிந்த அன்றே பேனாவை எடுக்கும் குடியானவருக்கு வண்டி நிலைக்கவும் கூடும். நிலைக்காவிடினும், அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதை நெல்லும் ஊரில் நாணயமும் மிஞ்சும்.