துப்பாக்கிப் பயிற்சியும் முதுகெலும்பும்

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வயது 13. கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஏர் ரைஃபிள் பழகுகிறாள். சென்ற மாதம் இடுப்பைப் பிடித்தபடி வந்தாள். "துப்பாக்கி உதைச்சிருக்கும் சார், தைலம் தடவினாப் போயிடும்" என்றார் அவள் அப்பா. இயன்முறை சிகிச்சையிலேயே காலம் தள்ளிய எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உதைப்பவை வேட்டைத் துப்பாக்கியும் ராணுவ ரைஃபிளும். வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. ரைஃபிளின் உதையை நான் என்.சி.சி.யில் வாங்கியிருக்கிறேன். பாயிண்ட் 303-இன் கட்டையைத் தோளில் அழுத்தாமல் காறை எலும்பின் மேல் வைத்துச் சுட்டேன். இரண்டு வாரம் கை தூக்க முடியவில்லை. இடைவெளி இருந்தால் துப்பாக்கி மட்டும் வேகமெடுத்து வந்து இடிக்கும். காறை எலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவிலுள்ள குழியில் இறுக்கிப் பிடித்தால், உடம்பின் எடையும் சேர்ந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

ஏர் ரைஃபிளில் உதை மிகக் குறைவு; அங்கே தொல்லை நிற்பதில்தான். ஐந்தரை கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியை ஏந்த, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, மேலுடம்பைப் பின்னால் சாய்த்துத் திருகி நிற்க வேண்டும். போட்டியில் 60 குண்டு. பயிற்சியில் கணக்கே இல்லை. அபினவ் பிந்த்ராவே 2006-இல் உலகச் சாம்பியனான பிறகு முதுகுவலியால் அவ்வாண்டு ஆசிய விளையாட்டுக்குப் போகவில்லை. 2008-இல்தான் பெய்ஜிங் தங்கம்.

வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு நேர்வதுபோல, ஓயாமல் பின்வளைந்து திருகினால் கீழ்முதுகெலும்பின் பின்புற வளையத்தில் கீறல் விழலாம். தைலத்துக்கு அது கேட்காது. பின்னால் வளையும்போது வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மறுநாள் அவள் சுடுவதைப் போய்ப் பார்த்தேன். பெரியவர்களுக்கான துப்பாக்கி. கட்டை நீளம் என்பதால் இன்னும் அதிகமாகச் சாய்ந்திருந்தாள். கட்டையைக் குறுக்கி அளவாக்கினோம். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் துப்பாக்கியைத் தாங்கியில் வைக்கச் சொன்னேன். வயிறு, முதுகுத் தசைகளுக்கு உடற்பயிற்சியும், முடிந்தபின் எதிர்ப்பக்கம் திரும்பி வளைவதும் வலி போனபிறகு. விறைப்பான சுடும் கோட்டு தாங்கும்தான். தசைக்கு அது ஈடாகாது.

ஸ்கேனில் கீறல் இல்லை. ஆனாலும் ஆறு வாரம் துப்பாக்கியைத் தொடக்கூடாதென்று மருத்துவர் உத்தரவு. அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.