வேரின் மூச்சு

நுழையும்முன்
வேர் மண்ணுக்குள் இறங்கும் என்பது பொதுவிதி. சேற்றைத் துளைத்து மேல்நோக்கி எழும் வேர்களும் உள்ளன. அவை எழுவதன் காரணத்தையும், அதனை உணர்ந்து ஒரு காடு மீட்கப்பட்டதையும் இப்பாடம் விளக்குகிறது.

காற்றில்லாச் சேறு
சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியாகும். இங்குள்ள அலையாத்திக் காட்டு மண்ணின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்வதால் காற்று உட்புகுவது அரிது. எஞ்சும் ஆக்சிஜனையும் நுண்ணுயிரிகள் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. கருஞ்சேற்றில் வீசும் அழுகிய முட்டை நாற்றம் இவ்வளியினுடையதே. இது வேருக்கு நஞ்சாகும்.

ஓதமும் மூச்சும்
வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றின் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாகப் பரவுகின்றன. அவற்றிலிருந்து எழுதுகோல் போன்ற மூச்சுவேர்கள் நிமிர்ந்து எழுகின்றன. இவற்றின் பட்டையில் நுண்துளைகளும் உள்ளே காற்றறைத் திசுவும் உள்ளன. ஓதம் பெருகித் துளைகள் மூழ்கும்போது, வேர் தன்னுள் உள்ள ஆக்சிஜனைச் செலவிடுகிறது, உள்ளழுத்தம் குறைகிறது. நீர் வடிந்ததும் வெளிக்காற்று தானே உள்ளே ஈர்க்கப்படுகிறது. சுரபுன்னையோ தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்களின் வழியே காற்றைப் பெறுகிறது. அவ்வேர்களே இளகிய சேற்றில் மரத்தைத் தாங்கியும் நிற்கின்றன.

உப்பையும் வேர்கள் எதிர்கொள்கின்றன. நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியை அவை தடுத்துவிடுகின்றன. உட்புகுந்த உப்பை வெண்கண்டலின் இலைச்சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

நீர் தேங்கிய காடு
முன்னர் இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் வழக்கம் இருந்தது. நிழலிழந்த நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, தொட்டிபோல் பள்ளமாயிற்று. உட்புகுந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மிகுந்தது. அலையாத்தி மரங்களும் அங்குத் தழைக்க இயலவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டிக் கன்றுகளை நட்டன. ஓதம் மீண்டும் வந்து சென்றது, காடு தழைத்தது.

உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் வேர், தேக்கத்தைத் தாங்குவதில்லை. கன்று நடுவதற்கு முன் நீரின் வழியைத் திறப்பதே காட்டை மீட்கும் முதற்பணி.

தெரியுமா?
பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்
1. ஓதம் பெருகும்போதும் வடியும்போதும் மூச்சுவேரில் நிகழ்வனவற்றைப் படம் வரைந்து விளக்குக.
2. உங்கள் ஊரில் நீர்வழி அடைபட்டதால் மாறிய நிலம் ஒன்றனைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.