மனநோயின் வகைகளும் அறிகுறிகளும்

விடுதியில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். அதே நண்பர் பத்து நாளாக அறையை விட்டு வெளியே வராவிட்டால், 'வீட்டு நினைப்பு, தானே சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அது சரியாகியும் விடுகிறது. சரியாகாத வேளையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புறுவது அதில் தெரிய வந்தது. நோய்க்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதவர்கள். மனநோய்களில் பல 25 வயதுக்குள்ளாகவே தலைகாட்டுபவை. அது நம் வயதல்லவா, நண்பர்களே!

துயரமும் அச்சமும் எல்லார்க்கும் உண்டு. அவை நோயா என்றறிய மூன்று கேள்விகள் உதவும். எத்தனை நாளாக நீடிக்கிறது? எவ்வளவு கடுமையாக இருக்கிறது? படிப்பு, உணவு, உறக்கம், பழக்கம் ஆகியவற்றைக் கெடுக்கிறதா?

இனி, முக்கியமான வகைகளைக் காண்போம்.

1. மனச்சோர்வு: நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய நாள்தோறும், இரண்டு வாரமாவது மனம் சோர்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமின்றி இருப்பது. உறக்கமும் பசியும் மாறும், கவனம் சிதறும், 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வலுக்கும், சாவைப் பற்றிய நினைவும் எழலாம். இதைச் சோம்பல் என்று ஏசுவது பெருந்தவறு.

2. பதற்ற நோய்கள்: காரணத்துக்கு மிஞ்சிய கவலை ஓயாது அரிப்பது ஒரு வகை. திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'செத்துவிடுவேன்' என்ற பீதி சில நிமிடங்களில் உச்சத்தை அடைவது மற்றொரு வகை. மாரடைப்பு என்றெண்ணி மருத்துவமனைக்கு ஓடுவோர் பலர்.

3. எண்ணச் சுழற்சி நோய்: வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். கைகழுவுதலும் பூட்டை இழுத்துப் பார்த்தலும் இதில் மணிக்கணக்கில் நீளும். இது வீண் என்று பெரும்பாலோர்க்குத் தெரியும். ஆயினும் நிறுத்த முடிவதில்லை.

4. இருமுனை நோய்: சில காலம் சோர்வு, சில காலம் அதற்கு நேர்மாறான எழுச்சி. எழுச்சியின்போது உறக்கமே வேண்டியிராது, பேச்சு வெள்ளமாய்ப் பெருகும், கைப்பணம் கரையும், 'என்னால் ஆகாதது எதுவுமில்லை' என்ற நினைப்பு மிகும். சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலர்க்கு எழுச்சி மூண்டுவிடும். ஆதலால் முன்பு வந்த எழுச்சியையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

5. மனச்சிதைவு: திரைப்படங்களில் காட்டுவது போல் ஒருவர் இரு வேறு ஆட்களாக மாறுவதன்று இது. யாருமில்லாதபோது குரல் கேட்பது, மெஸ்ஸில் எல்லாரும் தமக்கெதிராகச் சதி செய்வதாக உறுதியாய் நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் மெல்லத்தான் தொடங்கும். குளிப்பதை விடுவார், நண்பர்களை விட்டு விலகுவார், மதிப்பெண் சரியும். அக்குரல் அவர் காதில் மெய்யாகவே விழுகிறது. ஆகவே வாதாடிப் பயனில்லை. 'அது உங்களை மிகவும் வருத்துகிறது, மருத்துவரைப் பார்ப்போம்' என்று அழைப்பதே பயன்தரும்.

போதைப் பழக்கமும் உணவை வெறுத்து உடலை வாட்டுவதும் சிகிச்சை தேவைப்படும் நோய்களே.

இவற்றுக்குக் காரணம் பேயுமன்று, செய்வினையுமன்று. பரம்பரைக் கூறு, மூளையின் வேதியியல், வாழ்வில் பட்ட துன்பம் ஆகியவை சேர்ந்தே நோயை விளைவிக்கின்றன. 1949இல் ஜான் கேட் லித்தியத்தால் மன எழுச்சியைத் தணிக்கலாம் எனக் காட்டினார். 1952இல் மனச்சிதைவுக்குக் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும், 2001 ஆகஸ்ட் 6 அன்று, நம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். மருந்து இருந்தது, அறியாமையும் உடனிருந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? பெற்றோர் தொலைவில் இருக்கின்றனர். தொலைபேசியில் 'நன்றாயிருக்கிறேன்' என்ற சொல் மட்டுமே அவர்களுக்குக் கேட்கிறது. மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் அறைத் தோழரே. தனியே அழைத்துப் பேசுங்கள். அறிவுரையைக் குறைத்துச் செவியைக் கொடுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகாது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தும் உரையாடல் சிகிச்சையும் பயனளிக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

'நெஞ்சை அடைக்கிறது', 'மனசே சரியில்லை' என்று தமிழில் சொல்வதை வேற்றுமொழி மருத்துவர் உடல்நோயாகக் கொள்ளக்கூடும். உடன் சென்று விளக்க ஒரு தமிழ் நண்பர் இருந்தால் பேருதவி. 2022 முதல் இயங்கும் அரசின் 'டெலி மானஸ்' சேவையைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

சங்கம் என்பது பொங்கல் விழாவுக்கு மட்டும் கூடுவதன்று. நம்மில் ஒருவர் கூட்டத்துக்கு வராமற்போனால், ஏன் வரவில்லை என்று அவர் அறைக் கதவைத் தட்டிக் கேட்பதும் அதன் கடமையே.