போனில் முடிந்த வெளிநாட்டு இன்டர்வியூ



முடிச்சூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஓர் உறுப்பினர் ஒரு லட்சம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்றோம். "பையனுக்குத் தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைங்க. வீடியோ கால்லயே இன்டர்வியூ முடிஞ்சிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்" என்றார்.

பையனிடம் விசாரித்தோம். பத்து நிமிடப் பேச்சு. பெயர், வயது, டைப் அடிக்கத் தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி. எதிரில் பேசியவர் முகத்தையே காட்டவில்லை. கம்பெனி பெயர் கேட்டதற்கு, "அங்க வந்ததும் தெரியும்" என்றாராம்.

எங்களுக்கு 2022-ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் பலரைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் வீடியோ இன்டர்வியூ எல்லாமே ஏமாற்றா? இல்லை. நல்ல கம்பெனிகளும் இப்போது அப்படித்தான் ஆள் எடுக்கின்றன. நம் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும்.

இன்டர்வியூவுக்கு முன்:

* நேரத்தைச் சரிபாருங்கள். துபாயில் காலை 10 மணி என்றால் நமக்கு 11.30. சிங்கப்பூரில் காலை 10 மணி என்றால் நமக்கு 7.30.
* மின்சார ரயில் சத்தம், குக்கர் விசில் கேட்காத இடமாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும்.
* போனில் சார்ஜும் நெட்டும் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.
* தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். தப்பில்லை.

நாம் கேட்க வேண்டியவை:

அவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டுமா? நாமும் கேட்க வேண்டும்.

1. கம்பெனி பெயர், விலாசம், சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் தருவீர்களா?
2. ஏஜென்ட் லைசென்ஸ் நம்பர் என்ன? 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம்.
3. என்ன விசா? சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகவே கூடாது.
4. கட்டணம் எவ்வளவு? ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசுக்கே சொந்த நிறுவனம் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அது. அலுவலகம் கிண்டியில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேரே போய் விசாரித்து வரலாம். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். லைசென்ஸ் நம்பர் கேட்டதும் அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. "என் வேலையைக் கெடுத்துட்டீங்க" என்று பையன் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே கிண்டிக்குப் போய் விசாரித்து வந்தான். குழுப் பணம் குழுக் கணக்கிலேயே இருக்கிறது. அந்தக் குழு ஒரு தீர்மானமும் போட்டது: வெளிநாட்டு வேலைக்குக் கடன் என்றால், வேலைக் கடிதமும் லைசென்ஸ் நம்பரும் பார்த்த பிறகே பணம்.

குழுவில் பேசிப் பாருங்கள்:

* நம் ஊரில் வெளிநாட்டு வேலைக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டா? ரசீது வாங்கினார்களா?
* இதே தீர்மானத்தை நம் குழுவும் போடலாமா?