தென் அமெரிக்கப் பூச்சி கூடலூருக்கு எப்படி வந்தது?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூர் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். போன வாரம் மழை விட்ட ராத்திரி, வாசல் பல்புக்கு ஒரு பூச்சி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒரு சாணுக்கு மேல் அகலம். செங்கல் நிறம், இறக்கை நுனியில் பாம்புத் தலை. போனில் படத்தைப் போட்டால் தென் அமெரிக்கப் பட்டுப்பூச்சி என்கிறது. இங்கே எப்படி வந்தது? அதன் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார் மாமியார். எங்கள் புழுவுக்கு ஆபத்து உண்டா? இதை வளர்த்தால் பட்டு கிடைக்குமா? (படம் இணைத்துள்ளேன்.)
- வாசகி, கூடலூர்

பதில்: அம்மா, அது கப்பலேறி வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவிலிருந்து உங்கள் விளக்கைப் பார்த்து இறங்கி வந்திருக்கிறது. அட்லஸ் அந்துப்பூச்சி என்பார்கள். அதிலும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இனம் இது, அட்டாகஸ் டாப்ரபானிஸ். இலங்கைக்குப் பழைய கிரேக்கர் வைத்த பெயர் டாப்ரபனே, அதிலிருந்து வந்தது.

போனைத் திட்டாதீர்கள். அதற்குப் படம் தெரியும், கூடலூர் தெரியாது. தென் அமெரிக்காவின் ராத்ஸ்சைல்டியா பூச்சிகள் இதற்குப் பங்காளி முறை. அவற்றுக்கும் செங்கல் நிறம்தான். நாலு இறக்கையிலும் செதிளே இல்லாத கண்ணாடி ஜன்னல்களும் உண்டு. ஆனால் அவை ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். எந்தப் பூச்சிப் படம் வந்தாலும் முதலில் ஊரைக் கேட்பது என் வழக்கம். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு வந்தவள் பெண். பருத்த வயிறும் ஒல்லியான உணர்கொம்பும் படத்தில் தெரிகின்றன. ஆணுக்கு உணர்கொம்பு அகலமான இறகு போல இருக்கும். பெண் ராத்திரியில் விடும் வாசனையைக் காற்றில் பிடித்து, வெகு தூரத்திலிருந்து தேடி வர அவனுக்கு அதுதான் துணை. இருவருக்கும் அவசரம் அதிகம், ஏனென்றால் சாப்பிட வாய் இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம், கூடினால் இரண்டு வாரம் ஓட்டவேண்டும்.

முட்டை பொரிய பத்து நாளுக்கு மேல் ஆகும். வரும் புழு, மல்பெரிப் புழு மாதிரியே நாலைந்து முறை தோலுரிக்கும். கொய்யா, எலுமிச்சை, காட்டு லவங்கம் என்று பல இலைகளைத் தின்னும். இளம்பச்சை உடம்பில் திருநீறு பூசியது போல வெள்ளை மெழுகுப் பொடி. ஐந்தாறு வாரத்தில் விரல் தடிமனுக்கு வளர்ந்து பழுத்ததும், கூடு கட்ட நீங்கள் வைக்கும் சந்திரிகைத் தட்டு எதுவும் தேடாது. ஓர் இலையை வளைத்துப் போர்த்திக்கொண்டு பழுப்புக் கூடு கட்டும். இலை உதிராதபடி காம்பையும் பட்டால் கிளையோடு சேர்த்துக் கட்டிவிடும். அந்த வேலைப்பாட்டை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். உள்ளே சுமார் ஒரு மாதம்; காலம் சரியில்லையென்றால் பல மாதம்கூடத் தூங்கும்.

தூள் விஷயத்துக்கு வருகிறேன். அது இறக்கைச் செதிள். கண்ணில் விழுந்தால் எந்தத் தூசியையும் போல உறுத்தும். தண்ணீரில் கழுவினால் போதும். இந்தக் குடும்பத்தில் நிஜமான விஷக்காரி தென் பிரேசிலின் லொனோமியா. அதன் புழு முள் குத்தி ரத்தம் உறையாமல் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்காகவே சாவ் பாலோவின் புட்டந்தான் நிறுவனம் முறிமருந்து தயாரிக்கிறது. நம் அட்லஸ் புழுவிடம் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் வளர்ப்பு மனைக்கு எமன் ஊஜி ஈ. வலையில் ஓட்டை இருக்கிறதா என்று அதற்காகப் பாருங்கள்; இந்தப் பூச்சியை விட்டுவிடுங்கள். பட்டு? மல்பெரிக் கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஒரே இழையாக உருவலாம். அட்லஸ் கூட்டின் இழை துண்டு துண்டானது, பூச்சி வெளியேற ஒரு முனையில் வாசலும் வைத்திருக்கும். பஞ்சு போல நூற்கத்தான் முடியும். ஃபாகரா பட்டு என்று அதற்குப் பெயர். தைவானில் கூட்டையே சில்லறைப் பையாக வைத்துக்கொள்வதும் உண்டு. பிழைப்புக்கு ஆகாது. காட்டுப் பட்டில் ஆசை இருந்தால் ஆமணக்கு இலை தின்னும் எரி பட்டைப் பற்றி விசாரியுங்கள்.

கூடு கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு முறை நான் கொண்டுவந்து செருப்புப் பெட்டியில் வைத்தேன். வெளியே வந்த பூச்சிக்குத் தொங்க இடமில்லை. தொங்கினால்தான் கசங்கிய இறக்கைக்குள் நீர் பாய்ந்து விரியும். அது சுருங்கிய இறக்கையோடு நாலு நாள் தரையில் நடந்தே செத்தது.

அடுத்த முறை வந்தால் வாசல் பல்பை அணைத்துவிடுங்கள். விடிந்தும் போகவில்லையென்றால் ஒரு குச்சியை முன்னால் நீட்டி ஏறவைத்து, கொய்யா மரத்தில் நிழல் பக்கமாக விடுங்கள். காக்கை பார்ப்பதற்குள்.